உறையூர் விசாரணை ஆபீஸ்

அந்த நம்பரை எழுதிக்காதீங்க சார். டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கானே, 'எந்தத் தொலைபேசி எண்ணும் நொடியில்'னு, அதைத்தான் சொல்றேன். நீங்க பேனாவை எடுத்ததுமே எனக்கு மனசு கேக்கல. அது காசு புடுங்கற நம்பர். முதல்ல வீணை வாசிப்பான். வாசிச்சு முடிச்சதும் ஒரு பொண்ணு வணக்கம் சொல்லும். நீங்களும் மரியாதைக்கு வணக்கம் சொல்வீங்க. அது டேப்பு சார். டேப்புக்கு வணக்கம் சொன்ன நேரத்துக்கும் சேத்து பில்லு வரும்.

துறையூர்தானே போறீங்க? நானும் அங்கதான். அப்ப நேரம் இருக்கு, பஸ்ஸு இப்பத்தான் மண்ணச்சநல்லூரே தாண்டுது. உங்களுக்கு யாரு நம்பர் வேணும்னு சொல்லுங்க, நான் வாங்கித் தரேன். இலவசமா. சும்மா சொல்லல. திருச்சியில இலவச விசாரணையைக் கண்டுபிடிச்சவனே நான்தான்.

என் பேரு கோதண்டபாணி. கூட்டுறவுப் பண்டகசாலையில மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனேன். இப்ப செந்தூர் நகர் நலச் சங்கத்துக்குச் செயலாளர். பக்கத்து வீட்டுல குமரகுருன்னு ஒருத்தர், டைல்ஸ் கடை வெச்சிருக்காரு. அவருதான் இதுக்கெல்லாம் காரணம். சங்கக் கூட்டத்துல, அத்தனை பேருக்கும் முன்னாடி, காசு குடுத்துக் கேட்டாத்தான் சரியான நம்பர் கிடைக்கும்னு சொன்னாரு. ஓசியில வர்றது ஓசி மாதிரிதான் இருக்கும்னாரு. சொல்லிட்டு என்னைப் பாத்தாரு. எதுக்கு என்னைப் பாக்கணும்? அன்னைக்கே மனசுல முடிவு பண்ணிட்டேன்.

டைரக்டரி இல்லையான்னு கேப்பீங்க. இருந்துச்சு. என் சம்சாரம் அம்சவேணி, தையல் மிஷின் ஒரு பக்கம் சாயுதுன்னு காலுக்கு அடியில அதை முட்டுக் குடுத்துட்டா. எடுத்தா ஜாக்கெட் தைக்கிறது நின்னுடும். விடுங்க.

ஒருநாள் காலையில ரேடியோவுல சொல்றான், தொலைபேசி எண் தெரியணும்னா இலவசமா கேட்டுத் தெரிஞ்சுக்கலாம், இந்த நம்பருக்குப் போடுங்கன்னு. நான் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒவ்வொரு நம்பரா சொல்லிக்கிட்டு வரான். கடைசி நம்பர் வரும்போது அம்சவேணி மிக்ஸியைப் போட்டுட்டா. 'எ'வா 'ஏ'வான்னு தெரியல, முதல் எழுத்து வரைக்கும் காதுல விழுந்துச்சு, மீதியை மிக்ஸி அரைச்சிருச்சு. மறுபடி சொல்லுவான்னு பாத்தா நாதஸ்வரம் போட்டுட்டான்.

ஏழா, எட்டா? யோசிச்சேன். அரசாங்கம்னா ஒத்தப்படையில வைக்கமாட்டாங்க. எட்டு போட்டேன்.

உடனே எடுத்துட்டாங்க சார். வீணை கிடையாது, ஒண்ணும் கிடையாது. நான் கேட்டேன், "விசாரணைங்களா?"

ஒரு அம்மா குரல், "என்ன விசாரிக்கணும்?"

பாருங்க. அதுதான் சேவை. கேஸ் ஏஜென்சி நம்பர் வேணும்னேன். கொஞ்சம் இருங்கன்னாங்க. பக்கத்தைப் புரட்டற சத்தம் கேட்டுச்சு. நம்பரைக் குடுத்துட்டு, மத்தியானம் போட்டா அவங்க எடுக்கமாட்டாங்க, காலையிலேயே போட்டுடுங்க, எங்களுக்கும் அதே ஏஜென்சிதான்னு கூடுதல் தகவலும் சொன்னாங்க. காசு குடுத்தா இது வருமா? பேரு கேட்டேன். எதுக்குன்னு கேட்டாங்க. பாராட்டி எழுதறதுக்குன்னேன். சிரிச்சுட்டு, வனஜாட்சின்னு சொன்னாங்க.

அன்னைலேர்ந்து எதுவா இருந்தாலும் வனஜாட்சி மேடம்தான். எலெக்ட்ரிக் ஆபீஸ், பல் டாக்டர், தண்ணி லாரி, கண்ணாடிக் கடை. முதல் வாரத்துலயே என் குரல் அவங்களுக்குப் பழகிருச்சு. "சொல்லுங்க சார், இன்னைக்கு யாரு?"ம்பாங்க. அவ்வளவு பெரிய ஆபீஸ்ல ஒரு பொதுஜனத்தைக் குரலை வெச்சு அடையாளம் கண்டுபிடிக்கிறாங்கன்னா சும்மாவா.

ஆபீஸ் எப்படி இருக்கும்னு போன்லயே எனக்குப் பிடிபட்டுருச்சு. கேன்டீன் பக்கத்துலயே போல இருக்கு, குக்கர் விசில் நல்லா கேக்கும். யாரோ ஒரு குழந்தை வாய்ப்பாடு சொல்லும். புதுசா வேலைக்குச் சேந்தவங்களுக்குப் பயிற்சின்னு நினைக்கிறேன், நம்பர் சம்பந்தப்பட்ட வேலையில்லையா. சில சமயம் மேடம், சாதம் வடிச்சுட்டு வந்துடறேன் சார், அப்புறம் போடுங்கம்பாங்க. ஊழியர்களே சமைச்சுக்கறாங்க. அரசாங்கத்துக்கு எவ்வளவு மிச்சம் பாருங்க.

அம்சவேணி ஒருநாள் எக்ஸ்டென்ஷன்ல கேட்டுட்டு, அது யாரோ வீட்டு நம்பர் மாதிரி இருக்குங்கன்னா. நான் சொன்னேன், அரசாங்க ஆபீஸைப் பத்தி உனக்கு என்னடி தெரியும், நீ போய் ஜாக்கெட்டைத் தைன்னேன். பொம்பளைங்களுக்கு எதைப் பாத்தாலும் வீடு மாதிரிதான் தெரியும்.

ஒரே ஒரு குறை. அங்க ஒரு மேலதிகாரி இருந்தாரு. சாயங்காலத்துல போட்டா சில சமயம் அவரு எடுத்துருவாரு. விசாரணைங்களான்னு கேட்டா, "யோவ், உனக்கு வேற வேலையே இல்லையா?"ன்னு கேப்பாரு. பின்னாடி மேடம், குடுங்க இங்க, பாவம் வயசானவருன்னு கெஞ்சற சத்தம் கேக்கும். ஒரு நேர்மையான ஊழியரை இப்படி நடத்தலாமா? எனக்கு ராத்திரி சோறு இறங்கல. மறுநாளே டெலிபோன் ஆபீஸுக்கு நேரா போயிட்டேன். வனஜாட்சிக்குப் பாராட்டு, மேலதிகாரி மேல புகார், ரெண்டையும் ஒரே மனுவா எழுதிக்கிட்டு.

கவுண்டர்ல கண்ணாடி போட்ட ஒருத்தர் மனுவைப் படிச்சாரு. ரெண்டாவது தடவையும் படிச்சாரு. உள்ள போய் நம்பரைப் பாத்துட்டு வந்து, இது வீட்டு இணைப்பு சார், உறையூர்ல இருக்குன்னாரு. எனக்குப் புரிஞ்சுபோச்சு. நல்லா வேலை செய்யற பிரிவை வெளியில காட்டினா கூட்டம் அம்மிடும், அதான் வீட்டுக் கணக்குல மறைச்சு வெச்சிருக்காங்க. நானும் பண்டகசாலையில பாமாயிலை அப்படி வெச்சவன்தானே. அவரு பாவம், ஏழுல முடியற ஒரு நம்பரை எழுதிக் குடுத்து, இதுதான் சார் எங்க இலவச விசாரணைன்னாரு. மரியாதைக்கு அதுலயும் போட்டுப் பாத்தேன். நம்பரை மட்டும் சொல்றாங்க சார். வேற ஒண்ணுமே சொல்லமாட்டேங்கறாங்க. சாப்பிட்டீங்களான்னுகூடக் கேக்கல. அதோட விட்டுட்டேன்.

நம்ம ஒருத்தர் மட்டும் அனுபவிச்சாப் போதுமா? சங்கத்து அறிவிப்புப் பலகையில நம்பரோட பெரிசா எழுதிப் போட்டேன். 'இலவச விசாரணை. தன்மையான பதில். தனியாரிடம் ஏமாறாதீர்.' கடைசி வரி குமரகுருவுக்கு. காலனியே போட ஆரம்பிச்சுருச்சு. பேரன் பேத்திக்குப் பேர் வைக்கறதுக்குக்கூட மேடம்கிட்ட யோசனை கேட்டவங்க உண்டு. ஒருநாள் மேடம் என்கிட்ட கேட்டாங்க, "எல்லாருக்கும் நம்பர் குடுத்தது நீங்கதானா சார்?" ஆமாம் மேடம், பெருமையா சொல்வேன்னேன். தண்ணி எடுத்துக் குடிக்கிற சத்தம் கேட்டுச்சு. நெகிழ்ந்துட்டாங்க.

குமரகுரு மட்டும் மசியல. அந்த வீணை நம்பர்லயே தொங்கிக்கிட்டிருந்தாரு. அவரை வழிக்குக் கொண்டுவந்தது நான் இல்ல சார், ஒரு பாம்பு.

ஒரு மத்தியானம் அவரு வீட்டுல ஒரே அலறல். அவரோட மாமியார் தனபாக்கியம் அம்மா குளிக்கப் போயிருக்காங்க. உள்ள தாப்பாளைப் போட்டுட்டு ரெண்டு எட்டு வெச்சுத் திரும்பிப் பாத்தா, கதவு ஓரத்துல பாம்பு. நிலைப்படியை ஒட்டி நீளமா படுத்திருக்கு. அந்தம்மா துணி துவைக்கிற கல்லு மேல ஏறி நிக்கறாங்க. இறங்கிக் கதவைத் திறக்க முடியாது. வெளியில இருந்து கதவை இடிச்சாப் பாம்பு அவங்க பக்கம் போயிடும். அந்தம்மாவுக்கு ஏற்கெனவே நெஞ்சு படபடப்பு உண்டு. சத்தம் வர வரக் குறையுது. நிஜமாவே பயமாயிடுச்சு சார். விளையாட்டு இல்ல.

குமரகுரு ஓடிப்போய் அந்தக் காசு புடுங்கற நம்பருக்குப் போட்டாரு. வீணை. அந்த மனுஷன் கண்ணுல தண்ணியோட வீணை கேட்டுக்கிட்டு நிக்கறாரு. அப்புறம் வணக்கம். அப்புறம் என்ன பிரிவுன்னு கேட்டாங்க. பாம்புன்னாரு. ஒரு நம்பர் குடுத்தாங்க. போட்டா, அது பட்டாசு மொத்தக் கடை. பாம்பு மாத்திரை எத்தனை பெட்டி வேணும்னு கேக்கறான்.

நான் எங்க வீட்டுல இருந்து மேடத்துக்குப் போட்டேன். அவங்க புத்தகத்தைப் புரட்டவே இல்ல. தீயணைப்பு நிலையத்து நம்பரை அப்படியே மனப்பாடமா சொன்னாங்க. ஜன்னல் வழியா கத்தினேன், குமரகுரு அதுக்குப் போட்டுட்டாரு. வண்டி கிளம்பிருச்சு. நான் போனை வெக்கப் போனேன். மேடம் விடல.

"அந்தம்மாகிட்ட போனைக் குடுக்க முடியுமா சார்?"ன்னாங்க. "தனியா நின்னு பயந்துக்கிட்டிருப்பாங்க. ஆள் வர்ற வரைக்கும் நான் பேசறேன்."

என் போனுக்கு நீள ஒயர் போட்டிருந்தேன், மாடிப்படி வரைக்கும் வரும். இழுத்துக்கிட்டுக் காம்பவுண்டுச் சுவர் மேல ஏறி, அவங்க பாத்ரூம் வென்டிலேட்டர் வழியா ரிசீவரைத் தொங்கவிட்டேன். இந்த வயசுல. தனபாக்கியம் அம்மா எட்டி வாங்கி ஹலோன்னாங்க. நடுங்கிக்கிட்டே ரெண்டு வார்த்தை. அப்புறம் உம் கொட்டினாங்க. அப்புறம், ஐயையோ அவளா அப்படிப் பண்ணாங்கறாங்க. என்னன்னு பாத்தா, மத்தியான சீரியல். இந்தம்மா ஊருக்குப் போயிருந்தப்ப விட்டுப்போன கதையை மேடம் ஒண்ணு விடாம சொல்லிக்கிட்டு வராங்க. கீழ பாம்பு படுத்திருக்கு. மேல கல்லுல நின்னுக்கிட்டு இந்தம்மா சீரியல் மருமகளைத் திட்டிக்கிட்டிருக்காங்க. நான் சுவர் மேல ஒயரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

தீயணைப்புக்காரங்க வந்து, வென்டிலேட்டரைப் பெயர்த்து ஒரு ஆள் உள்ள இறங்கி, சாக்குல பிடிச்சுட்டாங்க. சாரைப் பாம்புதான், ஆனா அந்தம்மாவுக்கு அது தெரியுமா. வெளியில வாங்கம்மான்னா கையைக் காட்டி இருங்கங்கறாங்க. கதை முடியல.

குமரகுரு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. வாய்விட்டு ஒத்துக்கல, ஆனா கையைப் பிடிச்சாரு. நான் உடனே சங்கத்துல தீர்மானம் போட்டேன். வனஜாட்சி மேடத்துக்கு அவங்க ஆபீஸ்லயே போய்ப் பாராட்டு விழா. விலாசம் கேட்டா, அதெல்லாம் எதுக்கு சார்னு மறுத்தாங்க. நான் விடல. மேடம், நான் ஒரு பொதுஜனம், விசாரணையில ஒரு விலாசம் கேக்கறேன், சொல்லவேண்டியது உங்க கடமைன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சாங்க. சிரிச்சுட்டுச் சொன்னாங்க.

வேன் வெச்சுக்கிட்டுப் போனோம். உறையூர்ல ஒரு சந்து. வாசல்ல கோலம். கொடியில துணி காயுது. வாடகைக் கட்டடம் போல இருக்கு, அரசாங்கத்துல இப்ப நிதி இல்லையே. மேலதிகாரி கைலியோட உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தாரு. ஞாயித்துக்கிழமை, சீருடை கட்டாயமில்ல போல. என் குரலைக் கேட்டதும் பேப்பரைக் கீழ போட்டுட்டு எந்திரிச்சாரு. "நீதானாய்யா அது?"ன்னாரு. மூஞ்சி செவந்துபோச்சு. எனக்கு முறைன்னு ஒண்ணு தெரியும் சார், முதல் மரியாதை மேலதிகாரிக்குத்தான். சட்டுன்னு சால்வையை விரிச்சு அவரு தோள்ல போத்திட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. சால்வையைப் போத்தின ஒரு ஆளால கோபப்பட முடியாது சார். முயற்சி பண்ணிப் பாத்தாரு. முடியல. போட்டோவுக்கு நேரா நில்லுங்கன்னு சொன்னாங்க, நின்னுட்டாரு.

மேடத்துக்கு என்னைவிட ரொம்பச் சின்ன வயசு. கையில கரண்டியோட வந்தாங்க. தனபாக்கியம் அம்மா அவங்களைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. மேடம் எல்லாருக்கும் காபி குடுத்தாங்க. அந்த வாய்ப்பாடு சொல்ற குழந்தை தட்டுல மிக்சர் கொண்டுவந்துச்சு. குமரகுரு சுத்திமுத்திப் பாத்தாரு, சாமி படத்தைப் பாத்தாரு, குக்கரைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. அதுலேர்ந்து காபியைக் குடிக்க முடியாம தோள் குலுங்கிக்கிட்டே இருந்துச்சு. பொறாமை.

மேடம் என்னைத் தனியா கூப்பிட்டாங்க. "சார், உங்ககிட்ட முதல் நாளே சொல்லியிருக்கணும். இது ஆபீஸ் இல்ல. எங்க வீடு"ன்னாங்க.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. "மேடம், ஆபீஸைச் சொந்த வீடா நினைக்கிற இந்தக் குணம் எத்தனை பேருக்கு வரும்?"னு கேட்டேன்.

அவங்க மேலதிகாரியைப் பாத்தாங்க. அவரு சால்வையைத் தடவிப் பாத்துக்கிட்டிருந்தாரு. "சரி சார்"னாங்க.

அதுக்கப்புறம் மேலதிகாரி ரொம்ப மாறிட்டாரு. இப்பல்லாம் அவரு எடுத்தா, இருங்க, கூப்பிடறேன்னு சொல்றாரு. என் மனு வேலை செஞ்சிருக்கு.

புலிவலம் தாண்டிட்டோமா? அப்ப சீக்கிரம் சொல்லிடறேன். துறையூர்ல எனக்கு ஒரு தம்பி. சாரங்கபாணி. அவன் பொண்ணு கல்யாணப் பத்திரிகையில என் பேரைப் பொண்ணோட தாய்மாமன் பேருக்குக் கீழ போட்டுட்டான். சின்ன எழுத்துல வேற. பெரியப்பா நான். கல்யாணத்துக்குப் போகல. அவனும் கூப்பிட வரல. அப்படியே வருஷம் ஓடிப்போச்சு. அந்தப் பொண்ணுக்கே இப்ப பள்ளிக்கூடம் போற பையன் இருக்கான்.

நான் மேடம்கிட்ட அவன் நம்பரையும் அப்பப்ப கேப்பேன். என்கிட்ட இருக்கு சார், நெஞ்சுல எழுதிவெச்ச மாதிரி இருக்கு. ஆனா ஒரு தகவலை முறையா உறுதி பண்ணிக்கிறது நல்லதில்லையா. மேடமும் சலிக்காம சொல்லுவாங்க. மறுநாள், பேசிட்டீங்களா சார்னு கேப்பாங்க. லைன் கிடைக்கலம்பேன். துறையூருக்கு லைன் கிடைக்கிறது கஷ்டம்.

போன வியாழக்கிழமை மறுபடி கேட்டேன். மேடம் சொல்றாங்க, "அந்த நம்பரை இனிமே உங்களுக்குத் தரமாட்டேன் சார். நானே போட்டுப் பேசிட்டேன். அண்ணன் பேரைச் சொன்னதும் உங்க தம்பி, எப்ப வராருன்னுதான் முதல்ல கேட்டாரு. ஞாயித்துக்கிழமை நீங்க வரீங்கன்னு சொல்லிட்டேன்."

எனக்குக் கோபம்தான் வந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாத்தா, இதுவும் புதுசா ஏதோ திட்டமா இருக்கும். நம்பர் வாங்கிட்டுப் பேசாம இருக்கறவங்களுக்கு ஆபீஸே பேசி முடிச்சுக் குடுக்கற மாதிரி. திட்டம்னு வந்துட்டா நாம ஒத்துழைக்கணும். அம்சவேணி கிளம்பும்போது பையில அல்வாவை வெச்சுட்டா, அது அவளோட இஷ்டம். நான் மேடம் மூலமாவே கண்டிப்பா சொல்லி அனுப்பிட்டேன், பஸ் ஸ்டாண்டுக்கெல்லாம் வந்து நிக்க வேண்டாம், வழி எனக்குத் தெரியும்னு.

நிக்குதா பஸ்ஸு? ஸ்டாண்டுதானே இது?

அதோ பாருங்க சார். சோடாக் கடை பக்கத்துல, வெள்ளைச் சட்டை. ஒவ்வொரு ஜன்னலா எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு வரான் பாருங்க, அவன்தான். வராதேன்னு சொன்னேன். சின்ன வயசுலேர்ந்தே சொன்ன பேச்சு கேக்கமாட்டான். தலை எப்ப இப்படி வெளுத்துச்சு இவனுக்கு? யாரும் சொல்லவே இல்லையே.

அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க சார். காலை நகத்துங்க, நான் முன்னாடி இறங்கிக்கிறேன். இல்லேன்னா என்னைத் தேடிக்கிட்டே கடைசி ஜன்னல் வரைக்கும் அவன் போயிடுவான்.